கல்லைக் கொடுத்த கை

இ. எம். ஃபார்ஸ்டர் ‘இயந்திரம் நிற்கிறது’ என்ற நீண்ட சிறுகதையை வெளியிட்டது 1909 நவம்பரில். பூமிக்கு அடியில் ஆளுக்கோர் அறுகோண அறை. பொத்தானை அழுத்தினால் சாப்பாடு வரும், படுக்கை வரும், பாட்டு வரும். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் மகன் ஒரு வட்டத் தகட்டில் முகம் காட்டி அம்மாவிடம் பேசுவான். நேரில் வந்து பார் என்று அவன் கேட்பதுதான் அவளுக்குச் சங்கடம். 2020இல் ஊரடங்கு வந்தபோது இந்தக் கதையைப் பலரும் தேடிப் படித்தார்கள். வீடியோ அழைப்பை நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டாரே என்று வியந்தார்கள். அந்த வியப்பில் தவறில்லை, ஆனால் அது போதாது. வரப்போகும் கருவியைச் சரியாகச் சொன்னதால் மட்டும் ஒரு கதை நூறு வருடம் நிற்காது. அப்படிச் சொன்ன கதைகள் எத்தனையோ இன்று பழைய பேப்பர் கடையில் கிடக்கின்றன.

அப்படியானால் இவற்றை நிறுத்தி வைத்திருப்பது எது? ஃபார்ஸ்டர், காஃப்கா, ஷெர்லி ஜாக்சன், ரே பிராட்பரி, கர்ட் வானகட், அர்சுலா லெ குவின் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பெயர்கள் எழுதிய சில பக்கக் கதைகளை, அவர்கள் பயந்த காலமும் அவர்கள் பயந்த அரசும் போன பிறகும், ஏன் விடாமல் படிக்கிறோம்? தமிழில் இந்தக் கெட்ட உலகக் கதை (டிஸ்டோபியா) வகைக்கு ஆள் இல்லை என்று அடிக்கடி சொல்கிறோமே, அது உண்மைதானா? புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் உட்கார்ந்து கேட்கும்போது இந்தக் கேள்வி வெறும் இலக்கியக் கேள்வியாக நிற்பதில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஃபார்ஸ்டர் அந்தக் கதையை எழுதிய காலத்தில் இந்த ஊரில் பாரதி இருந்தார். 1908இல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி வந்தவர், பத்து வருடம் இங்கே தங்கினார். தெருமுனையில் வேவுக்காரர்கள், பிரிட்டிஷ் எல்லைக்குள் ‘இந்தியா’ பத்திரிகைக்குத் தடை. கெட்ட உலகக் கதை எழுத அவரைவிடத் தகுதியான ஆள் யார் இருந்தார்? ஆனால் அவர் எழுதியது ‘ஞானரதம்’. இந்த மண்ணைவிட்டு மேலெழுந்து வேறு உலகங்களைக் கண்டு வரும் கனவு. அதற்குச் சில வருடம் முன்னால், 1905இல், வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு ஆட்சி நடத்தும் நாடு. அது முதலில் அச்சேறியது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்.

ஆளும் நாட்டுக்காரன் கெட்ட கனவு காண்கிறான். அடிமை நாட்டில் இருப்பவர்கள் நல்ல கனவு காண்கிறார்கள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கையில் எல்லாம் இருப்பவனுக்குத்தான் அது போய்விடுமோ என்ற பயம் வரும். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு நாளை என்பது ஒரு பிடிமானம். அதைக் கெடுத்துப் பார்க்க மனம் வராது. பாரதியின் ‘ஆறில் ஒரு பங்கு’ கதையைச் சென்னை அரசாங்கம் 1911இல் தடை செய்தது. எதிர்காலத்தைப் பற்றிய கதை அல்ல அது. தீண்டாமைக்குள் தள்ளப்பட்ட ஆறில் ஒரு பங்கு மக்களைப் பற்றியது. அரசுக்கு அதுவே போதுமான பயத்தைத் தந்தது.

இந்த வகையில் ஒரே ஒரு கதையைத்தான் படிக்கலாம் என்றால் நான் ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’யைச் சொல்வேன். 1948 ஜூன் 26ஆம் தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது. சுமார் முந்நூறு பேர் வாழும் சிற்றூர். ஜூன் 27, நல்ல வெயில், காலை பத்து மணி. ஊர்ப் பொதுவிடத்தில் கூடுகிறார்கள். பத்துக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். வருடா வருடம் நடக்கும் குலுக்கல். நடத்துபவர் நிலக்கரி வியாபாரி. ஊரில் நடன நிகழ்ச்சிகளையும் இளைஞர் மன்றத்தையும் நடத்துபவர் அவரேதான். சீட்டுகள் இருக்கும் கறுப்புப் பெட்டி சிராய் பெயர்ந்து கிடக்கிறது. புதுசு செய்யலாம் என்று பேச்சு வரும், அப்படியே அமுங்கிப் போகும். மற்ற நாட்களில் அது ஒரு வருடம் ஒருவர் கொட்டகையில், இன்னொரு வருடம் தபால் நிலையத்தில் காலடியில், சில சமயம் மளிகைக் கடை அலமாரியில். டெஸ்ஸி என்ற பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாள் மறந்துபோய்த் தாமதமாக ஓடி வருகிறாள். பக்கத்தில் நிற்பவளோடு சிரித்துப் பேசுகிறாள். கடைசியில் புள்ளி வைத்த சீட்டு அவளுக்கு விழுகிறது. சற்று முன் சிரித்துப் பேசிய அதே சிநேகிதி இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு இந்தக் கதையைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. கதை முடியும் இடத்தில் டெஸ்ஸியின் கடைசிப் பிள்ளையான குட்டிப் பையனின் கையில் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். “சார், அந்தக் கல்லைக் குடுத்தது யாரு?” என்று ஒரு பெண் கேட்டாள். ஜாக்சன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் அந்த ஒரு ஆளை வெறுத்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம்.

கதை வந்த கோடையில் ஜாக்சனுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் பரிவாகப் பேசியவை பதின்மூன்றுதான் என்று பிற்பாடு அவரே ஒரு உரையில் சொன்னார். திட்டியவர்களைக்கூட விட்டுவிடலாம். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்து எழுதியவர்கள் இருந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கதையைவிட அதிகமாக உடம்பு நடுங்கியது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்கவே முடியாது. ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊர்விலக்கு வைத்தால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, சாவுக்குப் போகக் கூடாது. அப்படிக் கதவைச் சாத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வீட்டோடு நேற்றுவரை கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். ஏன் என்று கேட்டால் “ஊரு முடிவு” என்பார்கள். ஜாக்சன் கதையில் அந்த ஊருக்குத் தலைவன் இல்லை, சர்வாதிகாரி இல்லை, ரகசியப் போலீஸ் இல்லை. முறை இருக்கிறது. அது போதுமாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கதைகளில் நிலைத்தவை எல்லாம் கேட்டைச் செய்பவனை ஒரு கொடியவனாக நிறுத்தாதவை. கேடு நல்லவர்கள் கையால், வழக்கமான வேலையாக, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிறது. நாவலால் இதைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நாவலுக்கு முந்நூறு பக்கம் போக வேண்டும். அதற்கு ஆட்சியின் வரலாறு வேண்டும், எதிர்ப்பவன் வேண்டும், அவனைப் பிடிப்பவன் வேண்டும். ஆர்வெலின் ‘1984’ நாவலில் அந்த ஆட்சி எப்படி நடக்கிறது என்று விளக்க ஒரு புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகமே வருகிறது. விளக்கம் கிடைத்தவுடன் வாசகருக்கு ஒரு நிம்மதி. சிறுகதையில் அந்த நிம்மதி கிடையாது. எட்டுப் பக்கத்தில் ஊர் எப்படி இப்படி ஆனது என்று சொல்ல இடமில்லை. ஆகவே வாசகர் தன் ஊரைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புகிறார்.

காஃப்காவின் ‘தண்டனைக் குடியிருப்பில்’ கதையை எடுத்துக்கொள்ளலாம். 1914இல் எழுதினார், 1919இல் வெளிவந்தது. குற்றவாளியின் முதுகில் அவன் மீறிய கட்டளையை ஊசிகளால் எழுதியே கொல்லும் இயந்திரம். அதை ஒரு பயணிக்கு விளக்கிக் காட்டும் அதிகாரிக்கு அதன்மேல் பாசம். என்ன தண்டனை என்று கைதிக்குச் சொல்லப்படவில்லை. உடம்பிலேயே தெரிந்துகொள்வான் என்கிறார் அதிகாரி. இங்கே ஒரு சின்ன விவரத்தைப் புதுச்சேரிக்காரன் தாண்டிப் போக மாட்டான். அதிகாரியும் பயணியும் பேசிக்கொள்வது பிரெஞ்சில். கைதிக்கும் காவல்காரனுக்கும் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் கைதி, யார் வாய் அசைகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், புரிந்துவிடும் என்று. 1954 நவம்பர் வரை இந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தன் வழக்கு தனக்குத் தெரியாத மொழியில் நடக்க, துபாஷியின் வாயைப் பார்த்து நின்ற மீனவர்களும் நெசவாளர்களும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அந்தக் கழுத்தின் திருப்பத்தை காஃப்கா எங்கே பார்த்தாரோ, இங்கே பார்த்தவர்கள் உண்டு.

இப்போது வைத்திக்குப்பம். ஊரின் வடக்கே, குருசுக்குப்பத்தை அடுத்த மீனவர் குப்பம். மாசி மகத்தன்று மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் செஞ்சி ரங்கநாதரும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் கரை. அன்று கடலைப் பார்க்க முடியாத அளவுக்குத் தலை. மற்ற நாட்களில் கண்ணில் படுவது கருங்கல். பெரிய பெரிய பாராங்கற்களை லாரியில் கொண்டுவந்து கொட்டிய தடுப்பு. அந்தக் கல் வந்த கதையை ஃபார்ஸ்டரிடமும் லெ குவினிடமும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன்.

1980களின் பிற்பாதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்புகள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். இது கட்டியவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதனால்தான் சேரும் மணலைப் பம்ப் வைத்து எடுத்து வடக்கே விடும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது. அந்தப் பம்ப் ஓட வேண்டியபடி ஓடவில்லை. நகரத்தின் கடற்கரை போயிற்று. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று அடுத்த இடத்துக்குப் போனது: குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கேயும் கல். பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். ஒவ்வொரு குப்பமும் தனக்குக் கல் கேட்டது நியாயமான கோரிக்கை. ஒவ்வொரு கல்லும் வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்தின் மணலைத் தின்றது.

மணல் இல்லையென்றால் கரைவலை இழுக்க முடியாது. படகை ஏற்றி வைக்க, வலையைக் காயப்போட இடமில்லை. சுற்றுலாவுக்கு வருபவர்களுக்குக் கல்லின்மேல் நின்று போட்டோ எடுக்க நன்றாக இருக்கிறது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எஃகால் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. நகரத்தின் முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியது. ஜனங்கள் அதில் உட்கார்ந்து பட்டாணி சுண்டல் சாப்பிடுகிறார்கள். எனக்கும் அது சந்தோஷம்தான்.

ஃபார்ஸ்டர் கதையில் இயந்திரம் ஒரே நாளில் நிற்பதில்லை என்பதை அவசரமாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. முதலில் பாட்டில் ஒரு விக்கல் கேட்கிறது. பழுது பார்க்கும் குழுவுக்குப் புகார் போகிறது. விரைவில் கவனிக்கப்படும் என்று பதில் வருகிறது. கவனிக்கப்படவில்லை. கொஞ்ச நாளில் விக்கலும் பாட்டின் ஒரு பகுதி என்று காது பழகிவிடுகிறது. குளிக்கும் தண்ணீர் நாறுகிறது, பழகிவிடுகிறது. செயற்கைப் பழம் பூசணம் பிடிக்கிறது, பழகிவிடுகிறது. கடைசியில் பழுது பார்க்கும் இயந்திரமே பழுது. அந்தப் பக்கங்களில் எழுதியிருப்பது தொழில்நுட்பத்தைப் பற்றி அல்ல; பழகிப்போவதைப் பற்றி. வீடியோ அழைப்பை முன்கூட்டிச் சொன்னார் என்பதைவிட இதுவே பெரிய காரியம். ஓடாத பம்ப் ஒன்று முப்பது வருடத்தில் ஒரு கடற்கரையைத் தின்றதைப் பார்த்தவர்களுக்கு இதில் கற்பனையாகப் படுவதற்கு ஒன்றும் இல்லை.

லெ குவினின் ‘ஒமேலாஸை விட்டுப் போகிறவர்கள்’ 1973இல் வந்தது. அதுவும் கடலோர நகரம்தான், அங்கேயும் திருவிழாவில்தான் கதை தொடங்குகிறது. ஊர் முழுக்க மகிழ்ச்சி. ஆனால் ஒரு நிலவறையில் ஒரு குழந்தை பசியோடும் அழுக்கோடும் அடைந்து கிடக்கிறது. அது அப்படிக் கிடந்தால்தான் ஊரின் மகிழ்ச்சி நிலைக்கும். பிள்ளைகளுக்கு எட்டு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இதைச் சொல்லிவிடுகிறார்கள். கலங்குகிறார்கள், பிறகு ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் ஊரைவிட்டு நடந்து போகிறார்கள். எங்கே என்று ஆசிரியருக்கே தெரியாது. இந்தக் கதைமேல் எனக்கு ஒரு குறை உண்டு. விட்டுப் போகிறவர்களால் அந்தக் குழந்தைக்கு என்ன லாபம்? வைத்திக்குப்பத்திலிருந்து எழுந்து போனால் பொம்மையார்பாளையத்துக்கு மணல் திரும்பி வருமா? ஐம்பது வருடமாக வாசகர்கள் இந்தக் கேள்வியோடு சண்டை போடுகிறார்கள். சண்டை போட வைப்பதும் அந்தக் கதை உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் இந்த வகை இல்லை என்ற பேச்சுக்கு வருவோம். நம் கண் எதிர்காலத்தைத் தேடுகிறது. பறக்கும் வண்டியும் ரோபோவும் இருந்தால்தான் கணக்கில் சேர்க்கிறது. தமிழின் சிறந்த கதைகள் அந்தப் பக்கமே போகவில்லை. அவை கெட்ட உலகத்தை நிகழ்காலத்தில், நமக்குத் தெரிந்த தெருவில் வைத்தன.

புதுமைப்பித்தனின் ‘மனித யந்திரம்’ 1937இல் வந்தது. ஒரு கடையில் கணக்கு எழுதியே கிழவராகிப்போன மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒரு ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட நினைக்கிறார். ரயில்வரை போகிறார். திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறார். யாரும் துரத்தவில்லை, யாருக்கும் தெரியாது. உள்ளேயே முடுக்கிவிட்ட விசை அவரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. பிராட்பரியின் ‘பாதசாரி’ கதையில், 2053இல், ராத்திரி நடைபோனதற்காக ஒருவனைப் போலீஸ் கார் பிடித்துப்போகிறது. பிராட்பரியையே ஒருமுறை லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததற்காகப் போலீஸ் நிறுத்தி விசாரித்ததிலிருந்து பிறந்த கதை அது. மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரே கடற்கரைச் சாலையில் நடக்கும் புதுச்சேரியில் அதைப் படிக்கையில் ஒரு விலகல் வரும். பிள்ளைவாள் கதையில் அந்த விலகலுக்கு இடமில்லை. அவருக்குப் போலீஸ் காரே தேவைப்படவில்லை என்பதால் இரண்டில் அதுதான் கடுமையான கதை என்பது என் எண்ணம்.

அதே கையிலிருந்து 1941இல் ‘மகாமசானம்’. மவுண்ட் ரோடு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். ஜனம் போகிறது, வருகிறது. அப்பா மாம்பழம் வாங்கப் போன இடைவேளையில் ஒரு குழந்தை மட்டும் அவனைப் பார்க்கிறது. இதில் கொலைகாரன் கிடையாது. நகரம் தன் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

பிறகு சுஜாதாவின் ‘நகரம்’. அவர் எழுதிய அறிவியல் கதைகள் எல்லாவற்றையும்விட இதுதான் இந்த வரிசையில் முன்னே நிற்கும். வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியைக் காய்ச்சலோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். பெரிய டாக்டர் பார்த்து உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. சின்ன டாக்டரும் கெட்டவர் இல்லை. சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கே போ, அங்கே போ, இந்த ரூம் இல்லை, புருஷன் சம்பளம் எவ்வளவு, நாளைக்குக் காலையில் ஏழரை மணிக்கு வா. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறாள், சாமிக்குக் காசு முடிந்து வைத்துக்கொண்டு. அங்கே பெரிய டாக்டர் அந்தப் பெண் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். காஃப்காவுக்கு ஒரு கற்பனைத் தீவு வேண்டியிருந்தது. சுஜாதாவுக்கு ஒரு நடைவழி போதும்.

சுந்தர ராமசாமியின் ‘பல்லக்குத் தூக்கிகள்’, கிழக்கிலங்கையின் உமா வரதராஜன் எழுதிய ‘அரசனின் வருகை’ இரண்டையும் இங்கே பக்கத்தில் வைக்க வேண்டும். முதலாவது, சுமப்பதற்கான ஒத்திகையே வாழ்க்கையாகிப் போனவர்களின் கதை. இரண்டாவதில், தன்னால் சிதைந்த ஊருக்கு அரசன் எழுந்தருள, இழந்தவர்களே வரவேற்புக்கு நிற்க வேண்டியிருக்கிறது. இவை உருவகக் கதைகள். ஈழத்து வாசகர் இரண்டாவதை உருவகமாகப் படிக்க மாட்டார், அது வேறு. பிராட்பரி 1951இல் ‘தீயணைப்பாளன்’ என்று ஒரு குறுநாவல் வெளியிட்டார்; அதுவே பின்னர் ‘ஃபாரன்ஹீட் 451’ ஆனது. வீடு வீடாகப் போய்ப் புத்தகம் எரிப்பதே தொழிலான ஆட்கள். 1981 மே கடைசி இரவிலும் ஜூன் முதல் நாளிலும் யாழ்ப்பாண நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதைப் பார்த்த ஒருவரிடம் அந்தக் கதையைக் கொடுத்தால், எதிர்காலக் கற்பனை என்று அவர் எந்த அர்த்தத்தில் சொல்வார்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கெட்ட உலகத்தை நாளைக்கு வரப்போகும் ஆபத்தாக எழுத முடிவது ஒரு வசதி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். சில வருடம் கழித்து உயர் நீதிமன்றம் அதில் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் சம்பவ இடத்துக்கு நடந்தே போனார்கள் என்பது நம்பும்படி இல்லை என்றது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. எந்தக் கதாசிரியன் இப்படி ஒரு வாதத்தை எழுதினாலும் மிகைப்படுத்துகிறான் என்று ஆசிரியர் குழு திருப்பி அனுப்பியிருக்கும். பிற்பாடு புதுச்சேரியில் நாடகப் பள்ளியை நடத்திய இந்திரா பார்த்தசாரதி அந்தச் சம்பவத்தை வைத்து ‘குருதிப்புனல்’ எழுதினார். ஆனால் அது நாவல், யதார்த்த நாவல். தமிழில் எதிர்காலக் கெட்ட உலகம் குறைவாக இருப்பதற்குக் கற்பனைப் பஞ்சம் காரணம் இல்லை. நிகழ்காலம் இன்னும் எழுதி முடியவில்லை.

எதிர்காலத்தைத் தொட்டவர்கள் இல்லாமல் இல்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற பெயரில் ஓர் ஆட்சி, சுருங்கிப்போன பெயர்கள், அனுமதி வாங்கிப் பெற வேண்டிய பிள்ளை, பேசும் நாய் ஜீனோ. கதை நடக்கும் 2021 வந்தும் போய்விட்டது. கருவிகள் பழசாகிவிட்டன, ஜீனோ பழசாகவில்லை. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு வேறொரு பாதையில், நம் மருத்துவத்திலும் தத்துவத்திலும் கால் வைத்து அறிவியல் கதைக்கு முயன்றது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யில் ஆட்டுக்குட்டிக்குக்கூட அரசாங்கத்தில் காது குத்தி அடையாளம் வாங்க வேண்டும். எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்திருந்த ஒருவர் 2016இல் திரும்பி வந்து எழுதியது அது.

ஆண்டுக் கணக்கு எவ்வளவு அற்பம் என்பதற்குப் பிராட்பரியே சாட்சி. ஆட்களெல்லாம் அணுகுண்டில் போய்விட, தானியங்கி வீடு மட்டும் காலைப் பலகாரம் செய்து வைத்துக்கொண்டே இருக்கும் அவருடைய 1950ஆம் ஆண்டுக் கதை, ‘செவ்வாய்க் கிரக வரலாறுகள்’ நூலில் 2026 ஆகஸ்டில் நடக்கிறது. 1997இல் வந்த பதிப்பில் எல்லா ஆண்டுகளையும் முப்பத்தொன்று கூட்டித் தள்ளிவைத்தார்கள். தேவையே இல்லாத வேலை. சுவரில் கரிந்து பதிந்த நிழல்களை விட்டுவிட்டுத் தேதியைப் பார்ப்பவன் அந்தக் கதையைப் படிக்கவே இல்லை.

நிலைத்த கதைகளுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. எல்லோரும் எடுத்து வீசலாம். வானகட்டின் ‘ஹாரிசன் பெர்ஜரான்’ 1961இல் வந்தது. எல்லோரையும் சமமாக்க, அழகானவருக்கு முகமூடி, பலசாலிக்குச் சுமை, அறிவாளியின் காதில் சத்தம். கால் நோயால் நடக்க முடியாத ஒரு கோல்ஃப் வீரர், மைதானத்தில் சிறு வண்டியில் போக அனுமதி கேட்ட வழக்கில், 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா தன் மாறுபட்ட தீர்ப்பை இந்தக் கதையைச் சுட்டி முடித்தார். 2005இல் கன்சாஸ் மாநிலத்தில் பள்ளி நிதியைச் சமமாக்குவதற்கு எதிராகவும் இது இழுக்கப்பட்டது. அப்போது உயிரோடு இருந்த வானகட், தன் கதை சொல்வது அது இல்லை என்று மறுத்தார். நம் பக்கத்திலும் இடஒதுக்கீட்டைப் பேசும்போது இந்தக் கதையை எடுப்பவர்கள் உண்டு. கதையில் சுமை கட்டிவிடுவது அரசு. மேலே நிற்பவன் இன்னொருவன் காலில் தலைமுறையாகக் கட்டிய சுமையை அவிழ்ப்பது அதற்கு நேர் எதிரான செயல். கதைக்குள் பார்த்தாலே இது தெரியும். மேடைக்காகப் பாதியைச் சொன்னால் தெரியாது.

இவை நம்பிக்கையைக் கெடுக்கும், பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்லும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். என் அனுபவம் வேறு. கல் யார் கொடுத்தது என்று கேட்ட பெண் மனம் உடைந்து போகவில்லை. அடுத்த வாரம் தன் தெருவில் பேசாமல் விலக்கி வைத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள்.

செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ‘லாட்டரி’, ‘தண்டனைக் குடியிருப்பில்’, ‘இயந்திரம் நிற்கிறது’ இவற்றை ‘மனித யந்திரம்’, ‘மகாமசானம்’, ‘நகரம்’, ‘பல்லக்குத் தூக்கிகள்’, ‘அரசனின் வருகை’ ஆகியவற்றோடு ஒரே அட்டைக்குள் தரும் தமிழ்த் தொகுப்பு வேண்டும். முன்னுரையில் நீளமாக விளக்கம் வேண்டாம். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் ‘நகர’த்தின் கீழே பாப்பாத்திக்கு என்ன நோய் என்ற கேள்வியை வைக்க வேண்டாம். வள்ளியம்மாள் கையில் இருந்த சீட்டு எத்தனை பேரிடம் போய் வந்தது, அவர்களில் யார் எந்த விதியை மீறினார்கள் என்று கேளுங்கள்.